அணு எங்கே சிறுக்கும், அயனி எங்கே பெருக்கும்: ஆவர்த்தனப் போக்குகளைக் கணித்துச் சொல்லப் பழகுவது எப்படி?

சோடியத்தில் 11 எலக்ட்ரான்கள், குளோரினில் 17. இரண்டில் எந்த அணு பெரியது? வேதியியலுக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் குளோரின் என்பார்கள். எலக்ட்ரான் கூடினால் அணுவும் பெருக்கத்தானே வேண்டும் என்று தோன்றும். ஆரத்தை அளந்தால் சோடியம் 186 பிக்கோமீட்டர், குளோரின் 99 பிக்கோமீட்டர் (ஒரு மீட்டரின் லட்சம் கோடியில் ஒரு பங்கு ஒரு பிக்கோமீட்டர்). ஏறக்குறையப் பாதிதான். ஆறு எலக்ட்ரான் அதிகமாக வைத்திருக்கும் அணு ஏன் இப்படிச் சிறுத்தது என்பது விளங்கிவிட்டால், அயனியாக்கும் ஆற்றல், எலக்ட்ரான் நாட்டம், கவர்தன்மை எல்லாம் அதே காரணத்தின் கிளைகள் என்பது தெரிந்துவிடும்.

பாடக் குறிப்புகளில் ஆவர்த்தன அட்டவணையின் மேல், எந்தப் பக்கம் போனால் எது கூடும் என்று காட்டும் நாலு அம்புக்குறி போட்ட படம் ஒன்று இருக்கும். அது தப்பான படம் இல்லை. ஆனால் அதை மட்டும் மனப்பாடம் செய்தவர் மெக்னீசியம், அலுமினியம் இரண்டில் எதற்கு முதல் அயனியாக்கும் ஆற்றல் (முதல் எலக்ட்ரானைப் பிடுங்கத் தேவையான ஆற்றல்) அதிகம் என்று கேட்டால் அலுமினியம் என்று எழுதிவிடுவார். சரியான விடை மெக்னீசியம். அதனால் அம்புக்குறிகளை ஒரு வாரம் ஒதுக்கி வையுங்கள். கீழே சொல்வதைத் தாளும் பேனாவுமாக உட்கார்ந்து செய்யுங்கள். அம்புக்குறிகளை நீங்களே வரைந்துவிடுவீர்கள்.

முதல் படி: கூடுகளை எழுதுங்கள்

அணுக்கருவைச் சுற்றி எலக்ட்ரான்கள் அடுக்கடுக்காக இருக்கும்; அந்த அடுக்குகள்தான் கூடுகள். முதல் 20 தனிமங்களின் பெயர், அணு எண், ஒவ்வொரு கூட்டிலும் உள்ள எலக்ட்ரான்களின் எண்ணிக்கை ஆகியவற்றைக் கையால் எழுதுங்கள். லித்தியம் 2, 1. கார்பன் 2, 4. சோடியம் 2, 8, 1. குளோரின் 2, 8, 7. பொட்டாசியம் 2, 8, 8, 1. புத்தகத்தைப் பார்த்து எழுதினாலும் பரவாயில்லை. கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் மட்டும் போதாது, கை எழுத வேண்டும்.

அட்டவணையின் கிடை வரிசைக்குத் தொடர் என்றும், செங்குத்து வரிசைக்குத் தொகுதி என்றும் பெயர். எழுதி முடித்ததும் இரண்டு விஷயங்கள் கண்ணில் படும். ஒரு தொடருக்குள் கூடுகளின் எண்ணிக்கை மாறவே மாறாது. கடைசிக் கூட்டில்தான் எலக்ட்ரான் சேர்ந்துகொண்டே போகும். தொகுதியில் ஒரு படி இறங்கினால் ஒரு கூடு கூடும்.

தனிமங்களை அணு எண்படி அடுக்குவதற்கும் காரணம் உண்டு. 1869இல் இந்த அட்டவணையை உருவாக்கிய ரஷ்ய வேதியியலாளர் மெண்டலீவ் அணு எடைப்படிதான் அடுக்கினார். அப்படியே போனால் 39.95 எடையுள்ள ஆர்கானுக்கு முன்னால் 39.10 எடையுள்ள பொட்டாசியம் வந்து, மந்த வாயுக்களின் இடத்தில் உட்கார்ந்துவிடும். 1913இல் ஹென்றி மோஸ்லி எக்ஸ் கதிர்களை அளந்து, அணுக்கருவில் உள்ள நேர்மின்சுமையின் எண்ணிக்கைதான் தனிமத்தின் உண்மையான வரிசை எண் என்று காட்டினார். இரண்டே ஆண்டுகளில், 27 வயதில், கலிப்போலிப் போரில் இறந்துபோனார். நாம் பார்க்கப்போகும் போக்குகள் எல்லாம் அவர் எண்ணிக் காட்டிய அந்த மின்சுமையிலிருந்தே தொடங்குகின்றன.

இரண்டாம் படி: கடைசி எலக்ட்ரான் எவ்வளவு இழுபடுகிறது?

இந்தப் படிக்கு அதிக நேரம் கொடுங்கள். மற்றவை இதன் மேல்தான் நிற்கின்றன.

சோடியத்தின் அணுக்கருவில் 11 புரோட்டான்கள் இருக்கின்றன. ஆனால் வெளிக்கூட்டில் தனியாக இருக்கும் எலக்ட்ரானுக்கு அந்த 11இன் இழுவை முழுதாக எட்டுவதில்லை. இடையில் இருக்கும் 10 எலக்ட்ரான்கள் அதை மறைக்கின்றன. இதைத்தான் திரைமறைத்தல் என்கிறோம். தெருக்கூத்து பார்க்கப் போனால் முன்னால் உட்கார்ந்திருப்பவரின் தலைதான் நமக்கு மறைக்கும். பக்கத்தில் இருப்பவர் அவ்வளவாக மறைக்கமாட்டார். எலக்ட்ரான்களும் அப்படித்தான்: உள்கூட்டில் இருப்பவை நன்றாக மறைக்கும், ஒரே கூட்டில் இருப்பவை கொஞ்சம்தான் மறைக்கும்.

எவ்வளவு மறைக்கும் என்பதற்கு 1930இல் ஜான் ஸ்லேட்டர் ஓர் எளிய கணக்கைக் கொடுத்தார். முதல் 20 தனிமங்களுக்கு இதை இப்படி வைத்துக்கொள்ளலாம். அதே கூட்டில் உள்ள மற்ற எலக்ட்ரான் ஒவ்வொன்றுக்கும் 0.35. ஒரு கூடு உள்ளே இருக்கும் ஒவ்வொன்றுக்கும் 0.85. அதற்கும் உள்ளே இருப்பவற்றுக்குத் தலா 1. மொத்தத்தைக் கூட்டி அணு எண்ணிலிருந்து கழித்தால் கிடைப்பது செயலுறு அணுக்கரு மின்சுமை, அதாவது அந்த எலக்ட்ரான் உண்மையில் உணரும் மின்சுமை.

சோடியத்துக்குப் போட்டுப் பார்ப்போம். கடைசிக் கூட்டில் வேறு எலக்ட்ரான் இல்லை, எனவே 0. அடுத்த உள்கூட்டில் 8, அதற்கு 6.80. அதற்கும் உள்ளே 2, அதற்கு 2. மொத்தம் 8.80. பதினொன்றில் கழித்தால் 2.20.

குளோரினுக்கு: அதே கூட்டில் மற்றவை 6, அதற்கு 2.10. உள்கூட்டுக்கு 6.80. அதற்கும் உள்ளே 2. மொத்தம் 10.90. பதினேழில் கழித்தால் 6.10.

கூடு இரண்டுக்கும் மூன்றுதான். இழுவை மட்டும் 2.20இலிருந்து 6.10க்கு ஏறிவிட்டது. புதிதாக வந்த ஒவ்வொரு புரோட்டானும் 1 அளவுக்கு இழுக்கிறது, அதோடு வந்த எலக்ட்ரானோ 0.35 அளவுக்குத்தான் மறைக்கிறது. மிச்சம் 0.65 ஒவ்வொரு கட்டத்திலும் சேர்ந்துகொண்டே போகிறது. குளோரின் சிறுத்ததற்கு இதுதான் காரணம்.

இப்போது பொட்டாசியத்துக்குப் போடுங்கள். உள்கூட்டில் 8, அதற்கு 6.80, அதற்கும் உள்ளே 10, அதற்கு 10, மொத்தம் 16.80. பத்தொன்பதில் கழித்தால் மறுபடியும் 2.20. சோடியத்துக்கு வந்த அதே எண்! இழுவை அதேதான், ஆனால் எலக்ட்ரான் ஒரு கூடு தள்ளி இருக்கிறது. அதனால் பொட்டாசியம் பெரியது, எலக்ட்ரானை விட்டுக்கொடுப்பதும் அதற்குச் சுலபம். தண்ணீரில் போட்டால் சோடியத்தைவிட அது வேகமாகச் சீறுவதற்கு இது முக்கியமான காரணங்களில் ஒன்று.

ஸ்லேட்டரின் எண்கள் தோராயமானவைதான். திசையைச் சொல்ல அவை போதும். ஆக, எந்தத் தனிமத்தைப் பார்த்தாலும் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: எத்தனை கூடு? கடைசி எலக்ட்ரான் உணரும் இழுவை எவ்வளவு?

மூன்றாம் படி: அணு ஆரம்

தொடரில் இடமிருந்து வலமாகப் போனால் ஆரம் குறையும்: லித்தியம் 152, கார்பன் 77, ஃபுளூரின் 64 பிக்கோமீட்டர். தொகுதியில் இறங்கினால் கூடும்: லித்தியம் 152, சோடியம் 186, பொட்டாசியம் 227. ஏன் என்பதை மேலே கணக்குப் போட்டே பார்த்துவிட்டோம்.

ஓர் எச்சரிக்கை. அணுவுக்கு வெளிச்சுவர் கிடையாது; அதன் ஆரத்தை நேராக அளக்க முடியாது. குளோரின் மூலக்கூறில் இரண்டு அணுக்கருக்களுக்கும் நடுவே 198 பிக்கோமீட்டர் இருப்பதால் அதில் பாதியை, 99ஐ, ஆரம் என்கிறோம். சோடியத்துக்கு உலோகப் படிகத்தில் அடுத்தடுத்து நிற்கும் அணுக்களின் இடைவெளியில் பாதி. இரண்டும் வேறு வேறு அளவுகோல்கள். ஒரே அளவுகோலை எடுத்தாலும் சோடியம்தான் பெரியது, ஆனால் வித்தியாசம் கொஞ்சம் குறையும். நியான் போன்ற மந்த வாயுக்களில் பிணைப்பே இல்லாததால் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் நிற்கும் தூரத்தைக் கணக்கில் எடுப்பார்கள். சில அட்டவணைகளில் நியான் ஃபுளூரினைவிடப் பெரிதாக இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அளந்த முறை வேறு, அவ்வளவுதான்.

கூடுகளுக்குள் எஸ், பி, டி, எஃப் என்று உட்பிரிவுகள் உண்டு; முன்னால் வரும் எண் எத்தனையாவது கூடு என்பதைச் சொல்லும். உட்பிரிவுக்குள் இரண்டு எலக்ட்ரான் வரை தங்கும் இடத்துக்கு ஆர்பிட்டால் என்று பெயர். அட்டவணையின் நடுப்பகுதியில் உள்ள இடைநிலைத் தனிமங்களில் எலக்ட்ரான்கள் உள்ளே இருக்கும் 3டி ஆர்பிட்டால்களில் சேர்வதால் மறைப்பும் கூடிக்கொண்டே போகும். குரோமியம் முதல் தாமிரம் வரை ஆரம் 124க்கும் 128க்கும் இடையிலேயே நின்றுவிடுகிறது.

இந்த இடத்தில் அட்டவணையின் கீழ்ப்பகுதிக்கு ஒரு முறை போய்வர வேண்டும். டைட்டானியம் 147, அதன் கீழே சிர்கோனியம் 160. அதற்கும் கீழே இருக்கும் ஹாஃப்னியத்தில் ஒரு கூடு அதிகம், எனவே 170க்கு மேல் இருக்க வேண்டும் என்று கணிப்போம். உண்மையில் 159! சிர்கோனியத்துக்கும் ஹாஃப்னியத்துக்கும் நடுவே அணு எண் 32 கூடுகிறது. அதில் 14 எலக்ட்ரான்கள் 4எஃப் ஆர்பிட்டால்களில் போய்ச் சேர்கின்றன. 4எஃப் எலக்ட்ரான்கள் மறைப்பதில் மிக மோசம். இழுவை கூடிக்கூடி, கூடுதல் கூட்டால் வரவேண்டிய வளர்ச்சியை முழுவதுமாகத் தின்றுவிடுகிறது. இதற்கு லாந்தனைடு குறுக்கம் என்று பெயர்.

இதன் விளைவு சின்னதல்ல. அளவும் வேதிக்குணமும் அச்சு அசலாக ஒத்துப்போவதால் ஹாஃப்னியம் சிர்கோனியத்துக்குள் ஒளிந்தே கிடந்தது. சிர்கோனியம் 1789இல் அறியப்பட்டது. அதற்குள் இருந்த ஹாஃப்னியம் 1923 வரை யாருக்கும் அகப்படவில்லை. அந்த ஆண்டில் கோப்பன்ஹேகனில் காஸ்டரும் ஹெவெசியும் எக்ஸ் கதிர் கொண்டுதான் அதைப் பிடித்தார்கள். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் சிர்கான் கனிமம் கிடைக்கிறது. அதிலிருந்து அணு உலை எரிபொருளுக்கு உறை செய்ய வேண்டுமானால் கூடவே வரும் ஹாஃப்னியத்தை நீக்கியாக வேண்டும். சிர்கோனியம் நியூட்ரான்களைப் பெரும்பாலும் போகவிடும். ஹாஃப்னியம் அதைவிட நூற்றுக்கணக்கான மடங்கு விழுங்கிவிடும். தூத்துக்குடி மாவட்டம் பழையகாயலில் அணுசக்தித் துறையின் சிர்கோனிய ஆலை இருக்கிறது. இந்த இரட்டையர்களைப் பிரிப்பது இந்தத் தொழிலின் கடினமான கட்டங்களில் ஒன்று. அயனியின், அதாவது எலக்ட்ரானை இழந்தோ பெற்றோ மின்சுமை ஏறிய அணுவின், ஆரம் 72, 71 என்று ஒரே ஒரு பிக்கோமீட்டர் வித்தியாசத்தில் இருக்கும் இரண்டைப் பிரிப்பது என்றால் சும்மாவா?

நான்காம் படி: அயனி ஆரம்

சோடியம் தன் ஒரே வெளி எலக்ட்ரானை இழந்தால் மூன்றாவது கூடே காலியாகிவிடும். 186 பிக்கோமீட்டர் 102 ஆகச் சுருங்குகிறது. குளோரின் ஒன்றைப் பெற்றுக்கொண்டால் அதே 17 புரோட்டான்கள் 18 எலக்ட்ரான்களைப் பிடித்துவைக்க வேண்டும். எலக்ட்ரான்களுக்கு இடையிலான விலக்கமும் கூடும். 99 பிக்கோமீட்டர் 181 ஆக விரிகிறது. அணுவாக இருந்தபோது சோடியம் பெரியது. உப்பாக மாறியதும் குளோரினின் அயனியான குளோரைடு பெரியது.

இதை நீங்களே சரிபார்க்கலாம். 102ஐயும் 181ஐயும் கூட்டினால் 283. உப்புப் படிகத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் சோடியம், குளோரைடு அயனிகளின் மையங்களுக்கு இடையே எக்ஸ் கதிர் அளவீட்டில் கிடைக்கும் தூரம் 282 பிக்கோமீட்டர். சமையலறை உப்பில் அட்டவணை எண்கள் இவ்வளவு நெருக்கமாகப் பொருந்துவதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் சந்தோஷமாக இருக்கிறது.

தேர்வுகளில் அடிக்கடி வருவது சம எலக்ட்ரான் கொண்ட அயனிகள். ஆக்சைடு, ஃபுளூரைடு, சோடியம், மெக்னீசியம், அலுமினியம் அயனிகள் ஐந்திலும் 10 எலக்ட்ரான்கள்தான், கூடும் இரண்டுதான். முதல் கேள்விக்கு எல்லாவற்றுக்கும் ஒரே பதில் என்றால் இரண்டாவது கேள்வி மட்டுமே மிஞ்சும். புரோட்டான்கள் முறையே 8, 9, 11, 12, 13. அதற்கேற்ப ஆரம் 140, 133, 102, 72, 54 என்று இறங்குகிறது. அயனியின் மின்சுமைக் குறியைப் பார்த்துத் தடுமாறாதீர்கள், புரோட்டானை எண்ணுங்கள்.

அயனியின் அளவு உயிர் காக்கும் விஷயமும்கூட. நம் செல்களின் சவ்வில் பொட்டாசியம் அயனிக்கென்று தனி வழி உண்டு. பொட்டாசியம் அயனி 138 பிக்கோமீட்டர், சோடியம் அயனி 102. பெரியது போகும் வழியில் சிறியதும் போகும் என்றுதான் நினைப்போம், ஆனால் போவதில்லை. தண்ணீர் மூலக்கூறுகளை உதறிவிட்டு நுழையும் அயனியை அந்த வழியின் சுவரில் உள்ள ஆக்சிஜன்கள் தாங்கிக்கொள்ள வேண்டும். அவை பொட்டாசியத்தின் அளவுக்கென்றே அமைந்திருக்கின்றன; சோடியம் சிறிதாக இருப்பதால் எட்டுவதில்லை. 1998இல் இந்த அமைப்பைப் படம்பிடித்துக் காட்டிய ராடரிக் மெக்கின்னனுக்கு 2003இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

ஐந்தாம் படி: அயனியாக்கும் ஆற்றலை வரைந்து பாருங்கள்

வாயு நிலையில் தனித்து நிற்கும் அணுவிலிருந்து கடைசி எலக்ட்ரானைப் பிடுங்கத் தேவையான ஆற்றல் இது. ஒரு வரைபடத் தாளை நீளவாட்டில் வையுங்கள். கிடை அச்சில் 1 முதல் 20 வரை அணு எண். செங்குத்து அச்சில் 1 செ.மீ.க்கு 100 கிலோஜூல். ஒரு மோலுக்கான மதிப்புகள் ஹைட்ரஜனில் தொடங்கி வரிசையாக இதோ: 1312, 2372, 520, 900, 801, 1086, 1402, 1314, 1681, 2081, 496, 738, 578, 786, 1012, 1000, 1251, 1521, 419, 590. புள்ளி வைத்து இணையுங்கள்.

வரைந்து முடித்தால் சிகரங்களில் ஹீலியம், நியான், ஆர்கான். பள்ளங்களில் லித்தியம், சோடியம், பொட்டாசியம். ஆனால் கோடு நேராக ஏறுவதில்லை, நடுவே நாலு இடத்தில் சறுக்குகிறது. அந்தச் சறுக்கல்களை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

போரானிலும் அலுமினியத்திலும் வரும் சறுக்கலுக்கு ஒரே காரணம். மெக்னீசியத்தின் கடைசி எலக்ட்ரான் 3எஸ்-இல் இருக்கிறது. அலுமினியத்தின் கடைசி எலக்ட்ரான் 3பி-இல். பி எலக்ட்ரான் அணுக்கருவை நெருங்குவது எஸ் எலக்ட்ரானைவிடக் குறைவு, அதன் ஆற்றலும் அதிகம். எனவே பிடுங்குவது சுலபம். முதலில் கேட்ட கேள்விக்கு விடை இதுதான்: மெக்னீசியம் 738, அலுமினியம் 578.

ஆக்சிஜனிலும் கந்தகத்திலும் காரணம் வேறு. நைட்ரஜனின் மூன்று 2பி எலக்ட்ரான்களும் ஆளுக்கோர் ஆர்பிட்டாலில் தனித்தனியாக இருக்கின்றன. நான்காவது வரும்போது ஏதாவது ஒன்றில் இரண்டு பேர் சேர்ந்து இருந்தாக வேண்டும். அந்த நெருக்கத்தின் விலக்கம் ஒன்று வெளியேற உதவுகிறது. "பாதி நிரம்பினால் நிலைப்புத்தன்மை" என்று மட்டும் எழுதினால் மதிப்பெண் கிடைக்கலாம்; எலக்ட்ரான் விலக்கத்தையும் சேர்த்து எழுதினால்தான் விஷயம் புரிந்தவர் எழுதியதாக இருக்கும்.

அடுத்தடுத்த எலக்ட்ரான்களைப் பிடுங்கிக்கொண்டே போனால் இன்னொரு ரகசியம் வெளிவரும். மெக்னீசியத்துக்கு 738, 1451, அப்புறம் ஒரே தாவலாக 7733. இரண்டு எலக்ட்ரான் போனதும் உள்கூட்டில் கை வைக்கிறோம் என்று அர்த்தம். பெயர் தெரியாத தனிமம் ஒன்றின் மதிப்புகள் 578, 1817, 2745, 11577 என்று கொடுத்தால் தாவல் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே இருக்கிறது, எனவே வெளிக்கூட்டில் மூன்று எலக்ட்ரான்கள். 13ஆம் தொகுதி, அலுமினியம்.

இரண்டாம் அயனியாக்கும் ஆற்றல் சோடியத்துக்கு அதிகமா, மெக்னீசியத்துக்கா என்று கேட்டால் அவசரப்படாதீர்கள். ஓர் எலக்ட்ரானை இழந்த நிலையில் இரண்டின் கூடுகளையும் எழுதுங்கள்: சோடியம் 2, 8, மெக்னீசியம் 2, 8, 1. சோடியத்துக்கு 4562, மெக்னீசியத்துக்கு 1451.

எலக்ட்ரான் நாட்டமும் கவர்தன்மையும்

அணு ஓர் எலக்ட்ரானைச் சேர்த்துக்கொள்ளும்போது வெளிவிடும் ஆற்றல் எலக்ட்ரான் நாட்டம். ஃபுளூரின், குளோரின் அடங்கிய தொகுதியான ஹாலஜன்களுக்கு இது அதிகம். ஆனால் உச்சத்தில் இருப்பது ஃபுளூரின் அல்ல, குளோரின்: 349க்கு எதிராக ஃபுளூரின் 328. ஃபுளூரின் மிகச் சிறிய அணு என்பதால் அதன் இரண்டாம் கூட்டில் ஏற்கெனவே நெரிசல். புதிதாக வரும் எலக்ட்ரான் கூடுதல் விலக்கத்தைச் சந்திக்கிறது. சில புத்தகங்கள் இந்த மதிப்புகளை எதிர்க்குறியோடு தரும். எந்தக் குறி வழக்கம் என்று அட்டவணையின் தலைப்பைப் பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள்.

கவர்தன்மை என்பது தனி அணுவின் குணமல்ல. பிணைப்பில் இருக்கும் அணு பகிர்ந்த எலக்ட்ரான்களைத் தன் பக்கம் எவ்வளவு இழுக்கிறது என்பதன் அளவு. லைனஸ் பாலிங் 1932இல் கொடுத்த அளவுகோல்தான் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஃபுளூரின் 3.98, ஆக்சிஜன் 3.44, சோடியம் 0.93, சீசியம் 0.79. இங்கே ஃபுளூரினுக்குத்தான் முதலிடம். மேலே குளோரினிடம் தோற்ற ஃபுளூரின் இங்கே வெல்கிறதே என்று பலர் குழம்புவார்கள். இரண்டும் வேறு வேறு அளவுகள் என்பதை நினைவில் வைத்தால் குழப்பம் இருக்காது.

விடை எழுதும்போது

"தொடரில் இடமிருந்து வலமாகச் செல்லும்போது குறையும் என்பதால் குறைகிறது" என்று எழுதுவது காரணம் ஆகாது. கூடுகளின் எண்ணிக்கை, புரோட்டான்களின் எண்ணிக்கை, மறைப்பு: இந்த மூன்றையும் தொட்டு இரண்டு வரி எழுதுங்கள். உதாரணத்துக்கு, சல்பைடு, குளோரைடு, பொட்டாசியம், கால்சியம் அயனிகளை அளவுப்படி அடுக்கச் சொன்னால்: "நான்கிலும் 18 எலக்ட்ரான்கள், மூன்று கூடுகள், மறைப்பில் வித்தியாசம் இல்லை. புரோட்டான்கள் 16, 17, 19, 20 என்று கூடுவதால் இழுவை கூடி, ஆரம் அதே வரிசையில் குறைகிறது." அட்டவணையில் பார்த்தால் 184, 181, 138, 100. சரியாக வருகிறது.

இனி உங்களுக்கு ஒரு கணக்கு. அலுமினியத்தின் முதல் அயனியாக்கும் ஆற்றல் 578. அதன் கீழே உள்ள காலியத்தில் ஒரு கூடு அதிகம், எனவே இது குறைந்திருக்க வேண்டும். ஆனால் அங்கே 579. காலியத்துக்கு முன்னால் பத்து 3டி எலக்ட்ரான்கள் நுழைந்திருக்கின்றன. எஸ், பி எலக்ட்ரான்கள் அளவுக்கு அவை மறைப்பதில்லை, அதனால் இழுவை எதிர்பார்த்ததைவிடக் கூடிவிட்டது. காலியத்துக்குக் கீழே இண்டியம் 558 என்று ஒழுங்காக இறங்குகிறது. அதற்கும் கீழே தாலியம் 589 என்று மறுபடி ஏறிவிடுகிறது. ஏன் என்று நீங்களே எழுதிப் பாருங்கள். விடையின் பெரும்பகுதி ஹாஃப்னியத்தைப் பற்றிய பத்தியில் இருக்கிறது.